நூலகத்துக்குள் ஒலிப்பதிவு அறை எதற்கு?

சிகாகோ நகரத்தின் நடுவில், ஸ்டேட் தெருவில், ஹரால்ட் வாஷிங்டன் நூலகம் என்று ஒரு பெரிய கட்டடம் இருக்கிறது. செங்கல் சுவர், கூரை மூலைகளில் பிரம்மாண்டமான ஆந்தைச் சிற்பங்கள். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் அதற்குள் இருக்கும் ‘யூமீடியா’ என்ற பகுதியைப் பார்த்தால், நூலகம் என்றதும் நம் மனதில் வருகிற படம் கலைந்துபோகும். முதுகுப் பையை ஓரமாகப் போட்டுவிட்டு நாலைந்து பேர் வீடியோ கேம் ஆடுவார்கள். இன்னொரு பக்கம் மடிக்கணினியில் யாரோ படம் வரைந்துகொண்டிருப்பார்கள். சின்ன அறை ஒன்றுக்குள் ஒரு பையன் காதில் ஹெட்போனோடு, கையில் கசங்கிய தாளோடு, மைக்குக்கு முன்னால் தான் எழுதிய வரிகளை ஐந்தாவது முறையாகச் சொல்லிப் பார்ப்பான். யாரும் ‘உஷ்’ என்று சொல்வதில்லை. யாரிடமும் கட்டணம் வாங்குவதில்லை. பதின்ம வயதாக இருந்தால் உள்ளே வரலாம், நூலக உறுப்பினர் அட்டை இருந்தால் கருவிகளைக் கேட்டு வாங்கலாம்.

இதைக் கேட்டதும் பலருக்கு வரும் முதல் கேள்வி, ‘இதெல்லாம் நூலகத்தின் வேலையா?’ என்பதுதான். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. நூலகங்களைப் பற்றிப் படிக்கவும் எழுதவும் ஆரம்பித்த பிறகு அந்த எண்ணம் மாறியது. அது எப்படி மாறியது என்பதைச் சொன்னாலே இந்தத் திட்டங்கள் என்ன, எதற்கு, எப்படி நடக்கின்றன என்பதும் விளங்கிவிடும் என்று நினைக்கிறேன்.

முதலில் பொருளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 13 முதல் 18 வயது வரை உள்ள பிள்ளைகளுக்காகப் பொது நூலகம் ஒரு இடத்தை ஒதுக்குகிறது. அங்கே கேமரா, மைக், கணினி, தையல் மிஷின், பிளாஸ்டிக்கில் பொருள்களையே அச்சடித்துத் தரும் 3டி பிரிண்டர் என்று ஊருக்கும் வசதிக்கும் ஏற்பச் சில கருவிகள் இருக்கும். அந்தக் கருவிகளோடு புழங்கத் தெரிந்த ஆட்களும் இருப்பார்கள். பிள்ளைகள் தாங்களாக வந்து, தங்களுக்குப் பிடித்த ஒன்றைச் செய்யப் பழகுவார்கள். வருகைப் பதிவேடு கிடையாது, மதிப்பெண் கிடையாது. இதில் இரண்டு வகைத் திறமைகள் வளரும் என்பது எதிர்பார்ப்பு. ஒன்று, பாட்டு, படம், எழுத்து, வடிவமைப்பு போன்ற படைப்புத் திறன். மற்றது, பிற்காலத்தில் வேலைக்குப் போகும்போது கைகொடுக்கும் திறன். இரண்டும் தனித்தனி வகுப்புகளாக நடக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் ஒன்றின் வயிற்றில்தான் மற்றது பிறக்கிறது. எப்படி என்று பிறகு பார்ப்போம்.

ஏன் இந்த வயதுக்கு மட்டும் தனி ஏற்பாடு? உங்கள் ஊர் நூலகத்தையே நினைத்துப் பாருங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு மூலை இருக்கும். குட்டி நாற்காலி, படக்கதைகள், சுவரில் யானையும் ஒட்டகச்சிவிங்கியும். பெரியவர்களுக்கு நாளிதழ் மேசை இருக்கும். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்குத் தனி வரிசை இருக்கும். பதினான்கு வயதில் எங்கள் கிளை நூலகத்துக்குப் போனபோது, சிறுவர் பகுதியின் நாற்காலியில் என் முட்டி மேசைக்கு மேலே நின்றது. பெரியவர்கள் பகுதிக்குப் போய் நண்பனோடு இரண்டு வார்த்தை பேசினால், நாளிதழுக்கு மேலே நாலு ஜோடி கண்கள் எழுந்து பார்க்கும். அப்புறம் என்ன, வெளியே வந்து சைக்கிள் ஸ்டாண்டில் நின்று பேசிக்கொண்டிருப்போம். உள்ளே எங்களுக்கென்று ஒரு இடம் இல்லை என்பதை யாரும் வாயால் சொல்லவில்லை. நாற்காலியின் உயரமே சொல்லிவிட்டது.

இந்த இடைவெளியைக் கவனித்தவர்கள் முன்பே இருந்திருக்கிறார்கள். நியூயார்க் பொது நூலகம் 1941-லேயே இளைஞர்களுக்கென்று நேதன் ஸ்ட்ராஸ் கிளை என்ற ஒன்றைத் திறந்தது. அதை நடத்திய மார்கரெட் ஸ்கோகின் இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவராக இன்றும் பேசப்படுகிறார். ஆனால் அந்தக் காலத்து முயற்சிகள் பெரும்பாலும் வாசிப்பைச் சுற்றியே இருந்தன. ஒலிப்பதிவும் கேமராவும் உள்ளே வந்தது பிற்காலக் கதை. அந்தக் கதையில் சிகாகோவுக்கு முக்கியமான இடம் உண்டு.

யூமீடியா 2009 ஜூலையில் திறக்கப்பட்டது. சுமார் 5,500 சதுர அடி. சிகாகோவிலேயே தலைமையகம் வைத்திருக்கும் மக்கார்தர் அறக்கட்டளை பணம் கொடுத்தது. பிள்ளைகளுக்கு டிஜிட்டல் கலைகளைக் கற்றுத்தருவதில் அனுபவம் பெற்றிருந்த டிஜிட்டல் யூத் நெட்வொர்க் என்ற அமைப்பு நூலகத்தோடு சேர்ந்துகொண்டது. இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அந்த இடத்தைக் கட்டுவதற்கு முன்னால் அதன் பின்னணியில் இருந்த ஆராய்ச்சி.

மிசுகோ இட்டோ என்ற மானிடவியலாளரும் அவரது குழுவும் மூன்றாண்டுகள், அமெரிக்காவில் 800-க்கும் மேற்பட்ட இளைஞர்களைச் சந்தித்துப் பேசினார்கள். ‘செல்போனிலும் இணையத்திலும் இந்தப் பிள்ளைகள் இவ்வளவு நேரம் என்னதான் செய்கிறார்கள்?’ என்பதுதான் கேள்வி. அதைத் திட்டுவதற்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்கள். பிள்ளைகள் ஒன்றைக் கற்றுக்கொள்ளும் விதத்தில் மூன்று நிலைகள் இருப்பதாக அவர்களுக்குத் தெரிந்தது. அவற்றுக்கு ஆங்கிலத்தில் அவர்கள் வைத்த பெயர்களும் பேச்சு வழக்கில் உள்ளவைதான். ஆகவே தமிழிலும் பேச்சு வார்த்தைகளிலேயே சொல்கிறேன். ஒன்று, சும்மா இருப்பது. இரண்டு, நோண்டிப் பார்ப்பது. மூன்று, மூழ்கிப் போவது.

சும்மா இருப்பது என்றால் நண்பர்களோடு சேர்ந்து பொழுது போக்குவது. பேச்சு, சிரிப்பு, விளையாட்டு, அவ்வளவுதான். நோண்டிப் பார்ப்பது அடுத்தது. பக்கத்தில் ஒருத்தி கேமராவை வைத்து ஏதோ செய்கிறாள். ‘இந்த பட்டனை அழுத்தினா என்ன ஆகும்?’ என்று கை நீள்கிறது. நோக்கம் எதுவும் இல்லை, ஆர்வம் மட்டும்தான். மூழ்கிப் போவது மூன்றாவது. பத்துப் பேர் நோண்டிப் பார்த்ததில் ஒருவருக்கு அது பிடித்துப்போய், சோறு தண்ணி மறந்து அதிலேயே கிடப்பார். அந்தத் துறையில் தன்னைவிடத் தெரிந்தவர்களைத் தேடிப் போவார்.

நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் மூன்றாவது நிலைக்குத்தான் மதிப்பு. முதல் நிலையைக் கண்டாலே நமக்குக் கோபம் வரும். ‘சும்மா உட்கார்ந்திருக்கியே, ஏதாவது உருப்படியா செய்யக் கூடாதா?’ என்று கேட்காத அப்பா அம்மா உண்டா? அந்த ஆராய்ச்சி சொல்வது, சும்மா இருக்கும் இடத்தில்தான் அடுத்த இரண்டும் முளைக்கின்றன என்பது. எல்லோரும் மூன்றாவது நிலைக்குப் போவதில்லை, போக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனால் முதல் நிலைக்கு இடமே தராத ஒரு கட்டடத்துக்குள் மூன்றாவது நிலைக்கு ஆள் வரமாட்டார்கள்.

யூமீடியாவின் அறை அமைப்பே இந்த மூன்றையும் மனதில் வைத்துத்தான் செய்யப்பட்டது. சாய்ந்து உட்காரவும் பேசவும் விளையாடவும் ஒரு பகுதி, கருவிகளைத் தொட்டுப் பழக ஒரு பகுதி, தீவிரமாக வேலை செய்ய ஒரு பகுதி. நடுவில் பெரிய சுவர்கள் இல்லை. விளையாடுகிறவன் தலையைத் தூக்கினால் வேலை செய்கிறவள் கண்ணில் படுவாள். இந்தக் கண்ணில் படுதல்தான் அங்கே விளம்பரம், அழைப்பிதழ் எல்லாமே. பிற்பாடு, 2013-ல், சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த இடத்தைப் பற்றி விரிவான ஆய்வு ஒன்றை வெளியிட்டார்கள். வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை என்பது அதில் தெளிவாகத் தெரிந்தது. நண்பர்களைப் பார்க்க மட்டும் வருகிறவர்கள், பாடம் படிக்க அமைதியான மூலை தேடி வருகிறவர்கள், ஒவ்வொன்றாக ருசி பார்க்கிறவர்கள், படைப்பிலேயே குறியாக இருப்பவர்கள் என்று பல தினுசு. ‘பொழுதுபோக்க வருகிறவர்களை வடிகட்டிவிட்டால் நல்லது’ என்று ஒரு நிர்வாகிக்குத் தோன்றலாம். அப்படிச் செய்தால் அந்த இடம் செத்துப்போகும்.

கருவி இருக்கிறது, ஆள் எங்கே?

இந்தத் திட்டங்களைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் முதலில் கருவிகளின் பட்டியலைத்தான் சொல்வார்கள். எத்தனை மடிக்கணினி, என்ன கேமரா, எத்தனை பிரிண்டர். படம் எடுத்துச் செய்தித்தாளில் போடுவதற்கும் அவைதான் வசதி. ஆனால் நான் படித்தவரை, நன்றாக நடந்த ஒவ்வோர் இடத்திலும் முக்கியமாக இருந்தது ஒரு ஆள். வழிகாட்டி என்று சொல்லலாம். அவர் ஆசிரியரும் இல்லை, காவலரும் இல்லை. தானே ஒரு கலைஞர். கவிதை எழுதுகிறவர், இசை செய்கிறவர், படம் வரைகிறவர். வாரத்தில் குறிப்பிட்ட நாட்கள், குறிப்பிட்ட நேரம் அங்கே இருப்பார். பிள்ளைகள் செய்வதைப் பார்ப்பார், கேட்பார், கேட்டால் சொல்லிக்கொடுப்பார், தன் வேலையையும் அவர்கள் கண் முன்னாலேயே செய்வார்.

யூமீடியாவில் அப்படி ஒருவர் இருந்தார். மைக் ஹாக்கின்ஸ் என்று பெயர். பிள்ளைகள் எல்லோரும் ‘பிரதர் மைக்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கவிஞர். வாரந்தோறும் அங்கே நடந்த ஓப்பன் மைக் நிகழ்ச்சியின் உயிர்நாடி அவர்தான். ஓப்பன் மைக் என்றால், யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்து, மேடை ஏறி, தான் எழுதியதைச் சொல்லலாம், பாடலாம். தடுமாறினாலும் கைதட்டுவார்கள். அடுத்த வாரம் மறுபடியும் வரலாம். 

அந்தக் கூட்டத்தில் சான்சலர் பென்னட் என்ற பையனும் இருந்தான். பள்ளியின் கடைசி ஆண்டில் பத்து நாள் இடைநீக்கம் செய்யப்பட்டபோது பாட்டு எழுத ஆரம்பித்தான். அவற்றில் சிலவற்றை இந்த நூலகத்தின் ஒலிப்பதிவு அறையில் பதிவு செய்தான். 2012-ல் அந்தத் தொகுப்பை இணையத்தில் இலவசமாக வெளியிட்டான். இன்று உலகம் அவரை ‘சான்ஸ் தி ராப்பர்’ என்று அறியும். 2017-ல் மூன்று கிராமி விருதுகள் வாங்கினார். அதே ஆண்டு சிகாகோ அரசுப் பள்ளிகளுக்குப் பத்து லட்சம் டாலர் கொடுத்தார். பிரதர் மைக் அதைப் பார்க்க இல்லை. 2014-லேயே, இளம் வயதிலேயே இறந்துவிட்டார்.

இந்தக் கதையைச் சொல்லாமல் யூமீடியாவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நானும் சொல்லிவிட்டேன். ஆனால் இதைச் சொல்வதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. நூலகம் நட்சத்திரங்களைத் தயாரிக்கிற இடம் என்று நினைத்துவிடக் கூடாது. அதே மேடையில் ஏறியவர்களில் பெரும்பாலோர் பாடகர்கள் ஆகவில்லை. முன்பின் தெரியாதவர்கள் நாற்பது பேருக்கு முன்னால் நின்று, தொண்டை வறண்டு, கடைசி வரி வரை சொல்லி முடித்துவிட்டு இறங்கிய ஒரு பெண்ணை யோசித்துப் பாருங்கள். அவள் நாளைக்கு ஒரு நேர்முகத் தேர்வில் உட்காரும்போது அந்த மேடை அவளோடு வரும். நூலகம் தந்தது அதைத்தான்.

ஒரு பாட்காஸ்ட் பிறக்கும்போது

படைப்புத் திறனுக்குள் வேலைத் திறன் எப்படி ஒளிந்திருக்கிறது என்பதை ஒரு கற்பனை உதாரணத்தை வைத்து அருகில் போய்ப் பார்க்கலாம். பதினாறு வயதுப் பெண் ஒருத்தி. தன் பாட்டியின் சமையல் பற்றி ஒரு பாட்காஸ்ட், அதாவது இணையத்தில் கேட்கும் ஒலி நிகழ்ச்சி, செய்ய ஆசைப்படுகிறாள் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் ஒலிப்பதிவு அறையை முன்பதிவு செய்ய வேண்டும். அறை ஒன்றுதான், கேட்கிறவர்கள் நிறைய. தனக்குக் கிடைத்த இரண்டு மணி நேரத்துக்குச் சரியான நேரத்தில் வர வேண்டும், முடிந்ததும் அடுத்தவருக்கு விட்டுக்கொடுத்து எழ வேண்டும். பாட்டியின் குரலை வீட்டிலேயே பதிவு செய்து வர நூலகத்திலிருந்து சின்ன ரெக்கார்டரைக் கடனாக வாங்குகிறாள். கொடுத்த பொருளைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுப்பது அவள் பொறுப்பு. வீட்டில் பதிவு செய்தால் மின்விசிறிச் சத்தம் பாட்டியின் குரலைத் தின்றுவிடுகிறது. குக்கர் விசில் அடிக்கும் இடத்தில் ஒலி அளவு கன்னாபின்னாவென்று ஏறி, குரல் கிழிந்து கேட்கிறது. வழிகாட்டி அதைக் கேட்டுவிட்டு, ‘விசில் நல்லா இருக்கு, அதை விட்டுடாதே. ஆனா மைக்கை அடுப்புக்குப் பக்கத்துல வைக்காதே. விசிறியை நிறுத்திட்டு இன்னொரு தடவை கேளு’ என்கிறார். பாட்டியிடம் மறுபடியும் போய், ‘அந்த ரசத்தைப் பத்தி இன்னொரு தடவை சொல்லுங்க பாட்டி’ என்று கெஞ்ச வேண்டும். பாட்டி இரண்டாவது முறை சொல்லும்போது முதல் முறை சொல்லாத ஒன்றைச் சொல்கிறார். நல்ல பேட்டி எடுப்பது எப்படி என்று அவளுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லாமல் போய்விட்டது.

பிறகு வெட்டும் வேலை. நாற்பது நிமிடப் பேச்சு இருக்கிறது. பன்னிரண்டு நிமிடம்தான் வேண்டும். ஆசையாகச் சொன்ன முன்னுரையைத் தூக்கினால்தான் நிகழ்ச்சி சுருக்கென்று தொடங்குகிறது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். மனசுக்கு வலிக்கிறது, இருந்தாலும் வெட்டுகிறாள். பின்னணியில் ஒரு சினிமாப் பாட்டை ஓட விட நினைக்கிறாள். அதற்கு உரிமை வாங்க வேண்டும் என்று நூலகர் விளக்குகிறார். எடுத்துப் பயன்படுத்த அனுமதி உள்ள இசை எங்கே கிடைக்கும் என்றும் காட்டித் தருகிறார். இதுதான் நூலகரின் பழைய வேலை. சரியான தகவலை, சரியான ஆளுக்கு, தேவைப்படும் நேரத்தில் எடுத்துக்கொடுப்பது. கடைசியில் எல்லோருக்கும் போட்டுக் காட்டுகிறாள். முடிவில் உதவியவர்களின் பெயர்களைச் சொல்கிறாள்.

இதில் வேலைத் திறன் எங்கே என்று தேடிப் பாருங்கள். நேரத்துக்கு வருவது, பொருளுக்குப் பொறுப்பேற்பது, குறை சொன்னால் முகம் சுண்டாமல் கேட்பது, தன் வேலையைத் தானே வெட்டித் திருத்துவது, அடுத்தவர் உரிமையை மதிப்பது, தொடங்கியதை முடிப்பது. எந்த அலுவலகத்திலும், எந்தப் பட்டறையிலும், எந்தக் கடையிலும் முதலாளி எதிர்பார்ப்பது இவற்றைத்தான். ‘வாழ்க்கைத் திறன் வகுப்பு’ என்று பலகை மாட்டி இவற்றைச் சொல்லிக்கொடுத்திருந்தால் இந்தப் பெண் வந்திருக்கவே மாட்டாள். பாட்டியின் ரசத்துக்காக வந்தாள்.

வேலையைப் பிறர் பார்க்கிறார்கள் என்பதில் என்ன பலம் இருக்கிறது என்று எனக்குச் சொந்த அனுபவத்தில் தெரியும். நான் சொன்ன அந்தக் கிளை நூலகத்தில், வாசலில் ஒரு கரும்பலகை இருந்தது. ‘புது வரவு’ என்று தலைப்பிட்டு வந்த புத்தகங்களின் பெயர்களை எழுதிப்போடுவார்கள். அங்கே உதவியாளராக இருந்த அண்ணன் ஒருநாள் சைக்கிள் ஸ்டாண்டில் நின்றிருந்த என்னைக் கூப்பிட்டு, சாக்பீஸைக் கையில் கொடுத்து, ‘உன் எழுத்து நல்லா இருக்குமாமே, எழுதேன்’ என்றார். எழுதினேன். வரி மேலே போய்க் கீழே இறங்கி, ஒரு இடத்தில் ‘ற்’ வர வேண்டிய இடத்தில் ‘ர்’. அவர் அழிக்கவில்லை. ‘ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்னு பாரு’ என்றார். டீக்கடை ஓரமாக நின்று பார்த்தேன். வரி சாய்ந்திருப்பதும் எழுத்துப் பிழையும் அங்கிருந்து பளிச்சென்று தெரிந்தன. ஓடி வந்து நானே அழித்து, நூல் பிடித்துக் கோடு போட்டு, மறுபடி எழுதினேன். அடுத்த ஒன்றரை ஆண்டு அந்தப் பலகை என் பொறுப்பில் இருந்தது. இன்று எழுதி முடித்த எதையும் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கும் பழக்கம் எனக்கு அங்கே வந்ததுதான். இட வசதியும் நிதியும் இல்லாத ஒரு சின்ன நூலகத்தில், ஒரு சாக்பீஸை வைத்து, யூமீடியா செய்ததை அந்த அண்ணன் செய்திருக்கிறார். இதை எழுதும்போதுதான் எனக்கே அது உறைக்கிறது.

சம்பளத்தோடு ஒரு முதல் வேலை

நேரடியாக வேலையை மையமாக வைத்த திட்டங்களும் உண்டு. பயோடேட்டா எழுதக் கற்றுத்தருவது, போலி நேர்முகத் தேர்வு நடத்துவது, கணினிப் பயிற்சி போன்றவை அமெரிக்க நூலகங்கள் பலவற்றில் வழக்கமான நிகழ்ச்சிகள். அவை பயனுள்ளவைதான், அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதைவிட ஒரு படி மேலே போய், பிள்ளைகளையே வேலைக்கு எடுத்துக்கொண்ட நூலகங்கள்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன.

வேலைக்கு விண்ணப்பிக்கும் பதினாறு வயதுப் பிள்ளைக்கு மிகப் பெரிய தடை ‘முன் அனுபவம்’ என்ற கட்டம். அனுபவம் இல்லாமல் வேலை கிடைக்காது. வேலை கிடைக்காமல் அனுபவம் வராது. இந்த முடிச்சை யாராவது ஒருவர் அவிழ்த்தாக வேண்டும். பிலடெல்பியாவின் பொது நூலகம், பள்ளி முடிந்த பிறகு சின்னப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடத்தில் உதவும் தன் திட்டத்தில், உயர்நிலைப் பள்ளி மாணவர்களைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்கிறது. மினியாபொலிஸ் நகரம் அடங்கிய ஹென்னப்பின் கவுன்டி நூலகத்தில் ‘டீன் டெக் ஸ்குவாட்’ என்று ஒரு குழு. பதின்ம வயதுப் பிள்ளைகள் சம்பளம் வாங்கிக்கொண்டு, தங்களைப் போன்ற பிள்ளைகளுக்குத் தொழில்நுட்பப் பயிலரங்குகளை நடத்துகிறார்கள். பயிலரங்கை யோசிப்பது, தயாரிப்பது, நடத்துவது எல்லாம் அவர்கள் வேலை. தெரிந்ததை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்கும்போதுதான் நமக்கு எவ்வளவு தெரியும், எங்கே ஓட்டை என்று விளங்கும். அதைப் பதினாறு வயதிலேயே உணர்வது சாதாரண விஷயம் இல்லை.

சம்பளம் என்பதை நான் அழுத்திச் சொல்கிறேன். வசதியான வீட்டுப் பிள்ளை இலவசமாகத் தொண்டு செய்து அனுபவம் சேர்த்துக்கொள்ளும். மாலையில் கடையிலோ உணவகத்திலோ நின்று வீட்டுக்குக் கொஞ்சம் காசு கொண்டுவர வேண்டிய பிள்ளைக்கு அது முடியாது. நூலகம் எல்லோருக்கும் பொதுவானது என்றால், யாரால் வர முடியவில்லை என்பதையும் அது யோசிக்க வேண்டும்.

இடத்தை வடிவமைக்கும் வேலையிலேயே பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்ட ஊர் சான்பிரான்சிஸ்கோ. அங்கே 2015-ல் திறந்த ‘தி மிக்ஸ்’ என்ற பகுதிக்கு, திட்டமிடும் கட்டத்திலிருந்தே பதின்ம வயதினர் குழு ஒன்று கட்டடக் கலைஞர்களோடு உட்கார்ந்து பேசியது. என்ன வேண்டும், என்ன வேண்டாம், எங்கே எது இருக்க வேண்டும் என்று அவர்கள் சொன்னார்கள். ஒரு கூட்டத்தில் எப்படிப் பேசுவது, தன் யோசனை ஏற்கப்படாவிட்டால் என்ன செய்வது, இருக்கிற பணத்துக்குள் எதை விட்டுக்கொடுப்பது என்பதையெல்லாம் இதைவிட நன்றாக எந்த வகுப்பில் கற்க முடியும்?

சரி, இது நூலகத்தின் வேலைதானா?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போனால் நம் ஊர்க்காரர் ஒருவரிடம்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்தவர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். 1931-ல் அவர் எழுதி வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளை உலகம் முழுக்க நூலகர்கள் இன்றும் படிக்கிறார்கள், அமெரிக்க நூலகர்களும்தான். முதல் விதி, நூல்கள் பயன்படுத்துவதற்கே. ஐந்தாவது விதி, நூலகம் வளரும் உயிர்.

முதல் விதி இன்று நமக்குச் சாதாரணமாகத் தெரிகிறது. ஒரு காலத்தில் நூல்களைப் பூட்டிப் பாதுகாப்பதுதான் நூலகத்தின் பெருமை. ஐரோப்பாவில் நூல்களைச் சங்கிலியால் கட்டி வைத்த நூலகங்களே உண்டு. அந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால்தான் அதன் கூர்மை புரியும். நூலுக்குப் பதில் கேமரா என்று போட்டுப் பாருங்கள். வாங்கிய கேமராவை உடைந்துவிடும் என்று பயந்து பீரோவில் பூட்டி வைத்தால் அது யாருக்கும் பயன்படாது. ஐந்தாவது விதியைப் பற்றியோ சொல்லவே வேண்டாம். வளர்கிற உயிர் என்றால் புதிய உறுப்புகளும் வரும். தனியாக வாங்க முடியாததை ஊரே சேர்ந்து வாங்கி, எல்லோரும் மாறி மாறிப் பயன்படுத்துவது என்பதுதான் பொது நூலகத்தின் அடிப்படை. புத்தகம் விலை அதிகமாக இருந்த காலத்தில் புத்தகம். இன்று பல பிள்ளைகளுக்கு எட்டாக்கனியாக இருப்பது நல்ல மைக், படம் வெட்டும் கணினி, தையல் மிஷின். ஹெல்சிங்கி நகரில் 2018 டிசம்பரில் திறந்த ஊடி மைய நூலகத்தின் நடுத்தளத்தில் இவை எல்லாம் இருக்கின்றன. அதே கட்டடத்தின் மேல்தளம் முழுக்கப் புத்தகங்கள். ஒன்று மற்றதைத் துரத்தவில்லை.

அமெரிக்காவில் யூமீடியாவைப் பார்த்துவிட்டு, மக்கார்தர் அறக்கட்டளையும் அந்நாட்டு அரசின் அருங்காட்சியக, நூலகச் சேவை நிறுவனமும் சேர்ந்து 24 நூலகங்களிலும் அருங்காட்சியகங்களிலும் இதுபோன்ற கற்றல் கூடங்களுக்கு நிதி கொடுத்தன. சிகாகோவிலேயே பல கிளை நூலகங்களுக்கு யூமீடியா பரவியது.

எல்லாமே வெற்றிக்கதை என்று சொல்லிவிட முடியாது. இந்தத் திட்டங்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் உண்டு. நிதி வந்ததும் முதல் வேலையாக 3டி பிரிண்டர் வாங்குவார்கள். திறப்பு விழாவில் ஒரு சாவிக்கொத்து அச்சடித்துக் காட்டுவார்கள். ஆறு மாதம் கழித்துப் போனால் அதன் மேல் துணி போர்த்தியிருக்கும், சொல்லிக்கொடுக்க ஆள் இருக்காது. இயந்திரம் வாங்க ஒருமுறை பணம் கொடுக்கிறவர்கள் நிறைய. ஒரு மனிதருக்கு மாதாமாதம் சம்பளம் கொடுக்க முன்வருகிறவர்கள் குறைவு. இன்னொரு சறுக்கல், நாளடைவில் எல்லாவற்றையும் வகுப்பாக மாற்றிவிடுவது. பதிவேடு, சான்றிதழ், குழுப் புகைப்படம். அதிகாரிகளுக்கு எண்ணிக்கை காட்ட அது வசதி. பிள்ளைகள் பள்ளியில் ஏழு மணி நேரம் இருந்துவிட்டு எட்டாவது மணியையும் பள்ளியாகவே கழிக்க வரமாட்டார்கள்.

பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது: ‘படிப்பு கெட்டுப்போகாதா?’ அவர்கள் பயத்தில் நியாயம் உண்டு. என் பதில், ஒருமுறை நீங்களே போய்ப் பாருங்கள் என்பதுதான். இப்படிப்பட்ட இடங்கள் பெரும்பாலானவற்றில், பிள்ளைகளின் பாதுகாப்புக்காகப் பெரியவர்கள் நினைத்தபோது உள்ளே உட்கார முடியாது. ஆனால் வழிகாட்டியோடு பேசலாம், என்ன நடக்கிறது என்று கேட்கலாம், பிள்ளைகளின் படைப்புகளைக் காட்டும் நாளில் போய்க் கைதட்டலாம்.

இதைப் படிக்கிறவர்களில் நூலகர் யாராவது இருந்தால், அல்லது தங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் இருப்பவர்கள் இருந்தால், பெரிய நிதிக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று சொல்வேன். ஒரு மேசை, ஆறு நாற்காலி, ஓரளவு நல்ல செல்போன், சட்டைக் காலரில் குத்தும் ஒரு மைக், இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருள் ஏற்றிய ஒரு பழைய கணினி. எதிரொலியைக் குறைக்க நான்கு பக்கமும் கனமான போர்வையைத் தொங்கவிட்டால் போதும். பாட்காஸ்ட் செய்கிறவர்கள் பலர் அப்படித்தான் தொடங்கினார்கள். அதைவிட முக்கியம், வாரத்தில் ஒரு மாலை, அதே கிழமை, அதே நேரம், அதே ஆள். ஓவியம் வரைகிறவரோ, தையல் தெரிந்த அக்காவோ, கல்யாண வீட்டில் வீடியோ எடுக்கிறவரோ, யாராக இருந்தாலும் சரி, தன் வேலையை விரும்பிச் செய்கிற ஒருவர் தவறாமல் வர வேண்டும். முடிந்தால் அவருக்குச் சின்னதாக ஒரு தொகை கொடுங்கள்.

முதல் வாரம் யாரும் வராமல் போகலாம். இரண்டாவது வாரம் இரண்டு பேர் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். மூன்றாவது வாரம் ஒருவன் உள்ளே வந்து, ‘இங்க வைஃபை இருக்கா?’ என்று கேட்பான். இருக்கிறது என்று சொல்லி, நாற்காலியைக் காட்டுங்கள்.